அவையில் இல்லாதார்க்குரிய மரியாதை: கைப்பேசிக் குழுக்களும் திருப்பணியாளரின் பொறுப்பும்

பழைய திருநெல்வேலிச் சீமையின் வடகோடியிலும், இன்று தென்காசி மாவட்டத்திலும் அமைந்துள்ள திருவேங்கடம் வட்டாரத்துக் கரிசல் ஊர்களில் சில ஆண்டுகள் திருப்பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மானாவாரி வேளாண்மையும் தீப்பெட்டித் தொழிலும் அப்பகுதி மக்களின் பிழைப்பு. பல ஊர்களுக்கு ஓர் ஆயர் என்னும் நிலையில், எல்லாரையும் வாரந்தோறும் நேரிற் காண்பது அரிது. ஆகவே, ஆராதனை நேரம் மாறினால் அறிவிக்கவும், நோயுற்றோர்க்காக வேண்டுதல் செய்யும்படி கேட்கவும், சபையார் அனைவரையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்திருந்தோம். இன்று இத்தகைய குழு இல்லாத சபை இல்லை எனலாம்.

ஒருநாள் காலை, சபையைச் சேர்ந்த தாய் ஒருவர் கைப்பேசியில் என்னை அழைத்து, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த தம் மகளுக்காக ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டார். நான் உடனே, கடமையை விரைந்து செய்துவிட்ட மனநிறைவோடு, அப்பெண்ணின் பெயரையும், மருத்துவமனையின் பெயரையும், நோய் காசநோய் என்பதையும் மூன்று வரிகளில் எழுதிக் குழுவில் இட்டேன். கூப்பிய கைகளின் படங்கள் வரிசை வரிசையாக விடையாக வந்தன. மாலைக்குள் அச்செய்தி அப்பெண் வேலை பார்த்த ஆலைக்குச் சென்றது. மறுநாள், அவளைப் பெண் கேட்டு வந்திருந்த வீட்டாரின் ஊருக்கும் சென்றது. ஆறு மாத மருந்தில் குணமாகும் நோய் அது. ஆயினும் அந்தத் திருமணப் பேச்சு அத்துடன் நின்றுபோயிற்று. "ஐயா, நான் உங்ககிட்டதானே சொன்னேன்?" என்று அத்தாய் என்னைக் கேட்டார். சினந்து கேட்கவில்லை, விளங்காமல் கேட்டார். (அவர்கள் யாரென்று அறியப்படாதிருக்கும்பொருட்டுச் சில விவரங்களை இங்கு மாற்றியிருக்கிறேன். அன்று செய்யத் தவறியதை இன்றேனும் செய்ய வேண்டுமன்றோ!)

நான் எழுதியதில் பொய் ஒன்றுமில்லை. தீய நோக்கமும் இல்லை. கடுஞ்சொல் இல்லை, எழுத்துப் பிழைகூட இல்லை. இணையவழி நன்னடத்தை என்று பொதுவாகச் சொல்லப்படும் விதிகளில் எதையும் நான் மீறியதாகத் தோன்றவில்லை. அவ்வாறாயின் தவறு எங்கே நேர்ந்தது? அக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொறியாளர் வகுத்த நெறி

கணினிவழிக் கடிதப் போக்குவரத்து பெருகத் தொடங்கிய காலத்திலேயே அதற்கான மரியாதைகளும் எழுதப்பட்டன. 1995 அக்டோபரில் சாலி ஹாம்பிரிட்ஜ் என்னும் அம்மையார் தொகுத்து, இணையப் பொறியாளர் வட்டத்தில் வெளிவந்த 'ஆர்.எப்.சி. 1855' என்னும் ஆவணம் அவற்றுள் நன்கு அறியப்பட்டது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளிலேயே எழுதுவது உரக்கக் கத்துவதற்கு ஒப்பாகும், சினமூட்டும் கடிதத்துக்கு உடனே மறுமொழி அனுப்பலாகாது, அஞ்சலட்டையில் எழுதத் தயங்குவதை மின்னஞ்சலிலும் எழுதலாகாது, சங்கிலிக் கடிதங்களை அனுப்பவே கூடாது, தனக்கென வந்த கடிதத்தைப் பலர்க்கு அனுப்புமுன் எழுதியவரின் இசைவைப் பெற வேண்டும் என்றெல்லாம் அது கூறுகிறது. முப்பது ஆண்டுகள் கடந்தும் இவற்றுள் பழுதானது ஒன்றுமில்லை. நம் சபைக் குழுக்களில் இவற்றை ஒருமுறை படித்துக் காட்டினாலே பாதித் தொல்லை தீரும். குறிப்பாக, நள்ளிரவில் 'காலை வணக்கம்' அனுப்புவோர்க்கு!

ஆயினும் இந்நெறிகள் பெரும்பாலும் இருவரையே கருதுகின்றன: அனுப்புவோர், பெறுவோர். பெறுவோரின் நேரத்தை வீணாக்காதே, அவர் மனத்தைப் புண்படுத்தாதே என்பவை இவற்றின் சாரம். அஞ்சலட்டை பற்றிய விதிகூட எழுதுகிறவன் தன்னைக் காத்துக்கொள்வதற்கான எச்சரிக்கையே. யாரைப்பற்றிப் பேசப்படுகிறதோ அந்த மூன்றாமவர் அக்குழுவில் இல்லை. அவருக்கு அது தெரியவும் தெரியாது. என் மூன்று வரிகள் அனுப்பியவனுக்கும் பெற்றவர்க்கும் தீங்கு செய்யவில்லை. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த ஒருத்திக்குத் தீங்கு செய்தன. ஆகவே, இணையவழி மரியாதை என்பது முதலாவதாக அவையில் இல்லாதார்க்குச் செலுத்தும் மரியாதை என்பது என் துணிபு.

தமிழ் மரபு இதை முன்னரே கண்டிருக்கிறது. திருக்குறளில் இனியவை கூறல் பத்தாம் அதிகாரமாகவும், புறங்கூறாமை பத்தொன்பதாம் அதிகாரமாகவும், பயனில சொல்லாமை இருபதாம் அதிகாரமாகவும் இல்லறவியலில் வைக்கப்பட்டுள்ளன. இனிமையாகப் பேசுதல் எதிரில் இருப்பவர்க்கு நாம் செய்யும் கடமை. புறங்கூறாமை எதிரில் இல்லாதவர்க்கு நாம் செய்யும் கடமை. இரண்டையும் வள்ளுவர் ஒன்றாக்கவில்லை. வாய்மைக்கு அவர் தரும் விளக்கமும் நாம் கருதத்தக்கது: நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு சொல்வது என்று மட்டும் அவர் அதை வரையறுக்கவில்லை, பிறர்க்குத் தீமை விளையாதவாறு சொல்வதை அதன் இலக்கணமாக வைக்கிறார். 'உண்மையைத்தானே எழுதினேன்' என்று அன்று நான் எனக்குள் சொல்லிக்கொண்ட சமாதானம் அவர் முன் நிற்காது.

நம் ஊர்களிலும் இதற்கு வாழ்ந்து காட்டிய முன்மாதிரி ஒன்று உண்டு. எழுத்தறிவு பரவாத காலத்தில், கொழும்புக்கும் பர்மாவுக்கும் பிழைக்கச் சென்றவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைக் கிராமத்து உபதேசியாரே படித்துச் சொல்வார். மறுமொழியும் அவரே எழுதுவார். யாருக்கு எவ்வளவு கடன், எந்த மகன் பணம் அனுப்புவதை நிறுத்தினான், எந்த மருமகள் தாய்வீட்டில் இருக்கிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது ஊருக்கும் தெரியும். அவற்றை அவர் வெளியே சொல்லாதிருந்ததே அவருக்கு ஊரில் இருந்த மதிப்புக்குக் காரணம். அவர் வழியில் வந்தவர்களாகிய நாம் அதே செய்திகளைக் கேட்கிறோம். வேறுபாடு ஒன்றே: நம் கையில் இப்போது ஒரு கருவி இருக்கிறது.

சாட்சியும் கல்லும்

பொய்ச்சாட்சி சொல்லாதிருக்கும் கட்டளையை நம்மில் சிலர் ஒன்பதாவதென்றும், லுத்தரன் சபையார் எட்டாவதென்றும் எண்ணுவர். எண் எதுவாயினும், அக்கட்டளைக்கு லுத்தர் தம் 1529 ஆம் ஆண்டுப் பெரிய ஞானோபதேசத்தில் தரும் விளக்கம் இன்றைய கைப்பேசிக்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. நீதிமன்றப் பொய்யோடு அவர் நின்றுவிடவில்லை. பிறர் குற்றத்தை அறிந்திருப்பது வேறு, அதைத் தீர்ப்பிடும் அதிகாரம் வேறு என்று பிரித்துக் காட்டுகிறார். மறைவான குற்றம் உண்மையேயாயினும், அதைப் பறைசாற்றும் பொறுப்பு தனக்குத் தரப்படாதவன் வாய் மூடியிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. எல்லார்க்கும் வெளிப்படையாகத் தெரிந்த தீமையை வெளிப்படையாகக் கண்டிக்க அவர் தடைசொல்லவில்லை. இந்த வேறுபாட்டை நாம் மறக்கலாகாது. அதிகாரத்தில் உள்ளோரின் முறைகேட்டை வெளிக்கொணர்வதைப் 'புறங்கூறுதல்' என்று பெயரிட்டு அடக்குவதும் நம் திருச்சபைகளில் நடப்பதே.

இதனினும் ஆழமான ஒரு குறிப்பு உபாகமத்தில் உண்டு. பதினேழாம் அதிகாரத்தின்படி, ஒருவன் சாகும்படி தீர்ப்பாகுமானால், அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களே முதலில் தங்கள் கையை அவன்மேல் வைக்க வேண்டும். மக்கள் அதன் பின்னரே. பத்தொன்பதாம் அதிகாரம், ஒரே சாட்சியின் சொல்லைக் கொண்டு எவனையும் குற்றவாளியாக்கலாகாது என்கிறது. பொய்ச்சாட்சி சொன்னவன் பிறனுக்கு நினைத்த தண்டனையைத் தானே அடைய வேண்டும் என்றும் கூறுகிறது. கல்லெறியும் தண்டனை நமக்கு ஏற்புடையதன்று. ஆயினும் அச்சட்டத்தின் உட்கருத்து கூரியது. சொன்னவனே செய்கிறவனாகவும் நிற்க வேண்டும்; தன் சொல் யார்மேல் விழுகிறதோ அவன் முகத்தை அவன் பார்க்க வேண்டும். நாவும் கையும் ஒரே மனிதனுடையவை என்பதை அவன் மறக்கலாகாது.

கைப்பேசி செய்துள்ள பெரிய மாற்றம், நாவையும் கையையும் பிரித்துவிட்டதேயாம். இதன் விளைவு எவ்வளவு கொடியதாகக்கூடும் என்பதை நம் மாநிலமே கண்டது.

2018 ஆம் ஆண்டின் ஏப்ரல், மே மாதங்களில், வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிப்போர் வந்திறங்கியுள்ளனர் என்னும் குரற்செய்திகளும் படங்களும் தமிழகத்தின் வட மாவட்டங்களில் பரவின. மே 9 ஆம் நாள், சென்னையிலிருந்து தங்கள் குலதெய்வக் கோயிலை நாடிக் காரில் சென்ற ஒரு குடும்பத்தார், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதியில் வழி கேட்பதற்காக நின்றனர். அவர்களுள் அறுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் அங்கிருந்த பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். நம் நாட்டுப் பாட்டிமார் யாவரும் செய்யும் செயல் அது. கூட்டம் கூடியது, அடி விழுந்தது. அந்த அம்மையார் இறந்தார்; உடன் வந்தோர் படுகாயமுற்றனர். அதே வாரத்தில் பழவேற்காட்டில், மனநலம் குன்றியவராகக் கருதப்பட்ட வழிப்போக்கர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டுப் பாலத்தில் தொங்கவிடப்பட்டார். அவ்வாண்டு ஜூலை முதல் நாள் மகாராஷ்டிர மாநிலம் துலே மாவட்டத்தில் ஐவர் இதே வதந்தியால் கொல்லப்பட்டனர். அந்நாட்களில் இந்தியாவெங்கும் சுற்றிய படங்களுள் ஒன்று, கராச்சி நகரில் குழந்தைப் பாதுகாப்பு பற்றிய விழிப்புணர்வுக்காக நடித்து எடுக்கப்பட்டது. அது நடிப்பென்று காட்டும் இறுதிப் பகுதி வெட்டப்பட்டிருந்தது.

அடித்தவர்கள் கைது செய்யப்பட்டனர். ஆனால் அச்செய்தியை அதற்கு முந்திய வாரங்களில் தன் தங்கைக்கும், பள்ளித் தோழர் குழுவுக்கும், ஒருவேளை சபைக் குழுவுக்கும் அனுப்பிய ஆயிரக்கணக்கானோர் எங்கே? அவர்கள் யாரையும் வெறுக்கவில்லை. 'எதற்கும் எச்சரிக்கையாக இருக்கட்டுமே' என்று அன்பினாலேயே அனுப்பினர். அவர்கள் சாட்சிகள், கல் வேறு கைகளில் இருந்தது.

வாட்ஸ்அப் நிறுவனம் அதன்பின் எடுத்த நடவடிக்கைகள் நமக்கு ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றன. 2016 ஏப்ரல் முதல் அச்செய்திகள் அனுப்புவோரும் பெறுவோரும் அன்றி இடையில் எவரும் படிக்க இயலாதவாறு மறையாக்கப்பட்டுச் செல்கின்றன. ஆகவே பொய்யை நடுவழியில் நிறுத்த நிறுவனத்தால் இயலாது. எனவே, 2018 ஜூலையில், பிறர் அனுப்பியதை அப்படியே தள்ளிவிட்டது என்று காட்டும் 'பார்வர்டு' குறி சேர்க்கப்பட்டது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரையறை செய்யப்பட்டது. 2019 ஜனவரியில் அவ்வரையறை உலகெங்கும் வந்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்கே அனுப்பலாம் என்று ஆயிற்று. அதன்பின் அத்தகைய செய்திகளின் போக்குவரத்து 70 விழுக்காடு குறைந்ததாக நிறுவனம் அறிவித்தது. இதில் சிந்திக்கத்தக்கது யாதெனில், எவரும் தடுக்கப்படவில்லை. ஐந்து முறை விரல் வைத்தால் ஐந்து இடங்களுக்கு இன்றும் அனுப்பலாம். அச்சிறு உழைப்பே பத்தில் ஏழு பங்கை நிறுத்திவிட்டதென்றால், அவை நம்பிக்கையினால் அனுப்பப்படவில்லை, எளிமையினால் அனுப்பப்பட்டன என்பது தெளிவு. முன்பு பத்துப் பேருக்கு எழுதும்படி மிரட்டும் சங்கிலிக் கடிதம் வந்தால், பத்து அஞ்சலட்டை வாங்கிக் கையால் பத்து முறை எழுத வேண்டும். மூன்றாம் அட்டையில் புத்தி வந்துவிடும்.

2023 மார்ச்சில் தமிழகமே மறுபக்கத்தில் நின்றது. இங்கு வேலைசெய்யும் பீகார் மாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகவும் கொல்லப்படுவதாகவும், தொடர்பில்லாத படங்களோடு பொய்ச்செய்திகள் வட மாநிலங்களில் பரவின. திருப்பூர் போன்ற தொழில் நகரங்களில் தொழிலாளர் அச்சத்துக்குள்ளாயினர். தமிழகக் காவல்துறைத் தலைவர் மறுப்பு வெளியிட்டார். பீகார் அரசு குழு ஒன்றை அனுப்பி விசாரித்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் வடநாட்டாரைப்பற்றி நாம் நம்பியதைப் போன்ற ஒன்றை, அவர்கள் நம்மைப்பற்றி நம்பினர். இலங்கையிலும் 2018 பிப்ரவரி இறுதியில், முஸ்லிம்களின் உணவகத்தில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை உணவில் கலக்கப்படுகிறது என்னும் பொய் அம்பாறையில் வன்முறையை மூட்டியது. அடுத்த மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனையில் கலவரம் மூண்டபோது அரசு சமூக ஊடகங்களைச் சில நாட்கள் முடக்கியது. முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் அதற்காக வருத்தம் தெரிவித்தது.

ஜெபத்தின் பெயரால்

இவையெல்லாம் வெளியுலகச் செய்திகள், திருச்சபைக்குள் இத்தகைய தீங்கு இல்லை என்று நாம் ஆறுதல் கொள்ள இயலாது. நம்மிடையே வதந்தி வேறு உடையில் வருகிறது.

ஆப்கானிஸ்தானில் 22 மிஷனரிகளுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டுள்ளது, நாளை பிற்பகல் நிறைவேற்றப்படும், உடனே ஜெபியுங்கள் என்னும் செய்தியைப் பெறாத ஆயர் நம்மில் எவரேனும் உண்டோ? 2009 ஆம் ஆண்டளவில் தோன்றிய அந்தப் பொய், ஆண்டுதோறும் 'நாளை' என்ற அதே சொல்லோடு வந்துகொண்டிருக்கிறது. 2010 இல் பரவிய மற்றொன்று இன்னும் வியப்பானது. இந்தியாவில் பௌத்தத் தீவிரவாதிகள் இருபது ஆலயங்களை எரித்துவிட்டனர், இன்றிரவு 'ஒலிசபாங்' மாகாணத்தில் இருநூறு ஆலயங்களை எரிக்கப் போகின்றனர் என்று அது கூறியது. ஒலிசபாங் என்றொரு மாகாணம் இந்தியாவில் இல்லை. வெளிநாட்டார் நம்பியதை மன்னிக்கலாம். இந்தியச் சபைகளிலேயே அது வாசிக்கப்பட்டு மன்றாட்டும் ஏறெடுக்கப்பட்டால் என்ன சொல்வது?

'பொய்யாயினும் ஜெபித்ததால் என்ன நட்டம்?' என்று கேட்போர் உண்டு. நட்டம் இரண்டு. முதலாவது, எரிக்காத பௌத்தர்மேல் எரித்த பழியைச் சுமத்தினோம். மன்றாட்டின் வடிவில் பொய்ச்சாட்சி சொன்னோம். இரண்டாவது, 2007 டிசம்பரிலும் 2008 ஆகஸ்டிலும் ஒரிசாவின் கந்தமாலில் ஆலயங்கள் மெய்யாகவே எரிக்கப்பட்டன, மக்கள் மெய்யாகவே கொல்லப்பட்டனர், பல்லாயிரவர் அகதிகளாயினர். கற்பனை மாகாணத்துக்காகக் கண்ணீர் விட்டவன், பின்னர் ஏமாற்றப்பட்டதை அறிந்தபோது, கந்தமாலையும் அத்தகைய கதை என்றே எண்ணத் தலைப்படுகிறான். பொய்யான துன்பக் கதை மெய்யான துன்பத்தின் சாட்சியைக் கெடுக்கிறது. துன்புறும் சபைக்காக வேண்டுதல் செய்ய விரும்புவோர், அச்செய்தியின் ஊர், நாள், சொன்னவர் ஆகிய மூன்றையும் கேட்டறிவதும் வேண்டுதலின் ஒரு பகுதியே.

சாதிபற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். தென் மாவட்டங்களில், தன் சாதியின் பெருமை பேசும் பாட்டையும் படத்தையும் 'ஸ்டேட்டஸ்' என்னும் பகுதியில் வைக்கும் இளைஞருள் நம் ஞாயிறு பள்ளியில் வளர்ந்தோரும் உளர். அதில் வசைச்சொல் ஒன்றும் இராது. ஆனால் அது யாருக்கு விடுக்கப்படும் செய்தி என்பது அடுத்த தெருவுக்குத் தெரியும். இதைக் கண்டும் காணாததுபோல் விரலால் தள்ளிவிடும் ஆயர், ஞாயிறன்று ஒரே அப்பத்தைப்பற்றிப் பேசுவது பயனற்றது.

துட்டி சொல்லும் முறை

கரிசல் பூமியின் கிழக்கே வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பகுதிகளில் பட்டாசு ஆலைகள் நிறைந்துள்ளன. 2021 பிப்ரவரி 12 ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்து ஆலை வெடித்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆண்டுதோறும் இத்தகைய விபத்துகள் நேர்கின்றன. விபத்து நேர்ந்த சிறிது நேரத்தில், கருகிய உடல்களின் படங்கள் சுற்றுப்புற ஊர்களின் கைப்பேசிகளுக்கு வந்துவிடுகின்றன. வேலைக்குப் போன மனைவி உயிரோடிருக்கிறாளா என்று அறியாதவன் கையிலும் அதே கைப்பேசி இருக்கிறது என்பதை எவரும் எண்ணுவதில்லை.

நம் மக்களிடையே சாவுச் செய்தி சொல்வதற்கென ஒரு முறை இருந்தது. துட்டி சொல்லச் சென்றவர் வாசலில் நின்று அதை எறிந்துவிட மாட்டார். தொலைவிலிருக்கும் மகனுக்கு, 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே புறப்பட்டு வா' என்றே ஆள் போகும். அவன் வழியெல்லாம் சந்தேகித்துக்கொண்டே வருவான்; ஊர் எல்லையில் யாரேனும் ஒரு பெரியவர் அவன் தோளில் கைவைப்பார். அப்போதுதான் அவனுக்கு அது உறுதியாகும். அச்சிறு பொய்யை நான் நியாயப்படுத்த வரவில்லை. சாவைச் சொல்லும் வேலையை ஒடுக்கப்பட்ட மக்கள்மேல் சுமத்திய சாதிக் கொடுமையையும் மறைக்கக் கூடாது. ஆயினும், செய்தி எவருக்கு முதலில் உரியது, எவர் வாயிலிருந்து, எவ்விடத்தில் அது வரவேண்டும் என்று கருதிய ஒரு நாகரிகம் அதில் இருந்தது. செய்திக்கு உரியவர் ஒருவர் உண்டு. அவர் அறியுமுன் ஊர் அறிவது திருட்டு.

இறந்தோரின் படங்களை நம் குழுக்களில் இடுவதில்லை, இட்டவரைத் தனியே அழைத்து நீக்கச் சொல்வது என்று எங்கள் சேகரத்தில் உறுதி செய்தோம். இதற்கு எதிர்ப்பே எழவில்லை. எல்லாரும் யாரேனும் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள்போலும்.

சட்டம் எதுவரை வரும்?

2018 ஏப்ரலில் பெண் இதழாளரை இழிவுபடுத்தும் பதிவொன்றை நடிகர் எஸ்.வி. சேகர் முகநூலில் பகிர்ந்தார். பிறர் எழுதியதைப் படிக்காமல் பகிர்ந்துவிட்டதாக அவர் தரப்பில் கூறப்பட்டது. மே மாதம் அவருக்கு முன்ஜாமீன் மறுத்த சென்னை உயர் நீதிமன்றம், ஒரு செய்தியைப் பகிர்வது அதனை ஏற்று ஆதரிப்பதற்குச் சமம் என்று கூறியது. 'வந்ததை அனுப்பினேன்' என்பது இனி ஒரு சமாதானமன்று. பாலியல் வன்முறைக்கு உள்ளானோரின் அடையாளத்தை வெளியிடுவது, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 72 ஆம் பிரிவின்படி குற்றம். முன்னைய தண்டனைச் சட்டத்திலும் அது குற்றமாகவே இருந்தது. இத்தகைய பெண் ஒருத்திக்காக இரக்கத்தோடு ஜெபக் குறிப்பு எழுதும் ஆயரும் இதை அறிந்திருத்தல் நலம்.

குழு நிர்வாகியின் பொறுப்பைப்பற்றி நீதிமன்றங்கள் மென்மையாகவே தீர்ப்பளித்துள்ளன. மும்பை உயர் நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு 2021 மார்ச்சிலும், கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியிலும், உறுப்பினர் இட்ட தீய செய்திக்காக நிர்வாகியைக் குற்றவாளியாக்க இயலாது என்றன. 2021 டிசம்பரில் நம் மதுரை அமர்வும் அதே வழியில், நிர்வாகியாக இருந்தது தவிர வேறு ஈடுபாடு இல்லையெனில் அவர் பெயரைக் குற்றப்பத்திரிகையிலிருந்து நீக்கச் சொன்னது. அது நியாயமான தீர்ப்பே. ஆனால் ஆயர் என்பவர் உறுப்பினரைச் சேர்க்கவும் நீக்கவும் பொத்தான் உள்ள ஒருவர் மட்டுமல்லர். சட்டம் அவரை விடுவித்த இடத்தில் அவருடைய கடமை தொடங்குகிறது.

அதற்காக, ஆயர் மட்டுமே எழுதலாம், ஏனையோர் படிக்கலாம் என்று குழுவைப் பூட்டிவிடும் வழக்கத்தை நான் விரும்பவில்லை. பல சேகரங்களில் இப்போது இவ்வாறே செய்கின்றனர். பூசல் நிற்கும்; மெய்தான். ஆனால் வயதானவர் ஒருவர் தடுமாறித் தமிழில் தட்டி அனுப்பும் நன்றிச் சொல்லும் அத்துடன் நின்றுபோகும். மேலும், பூட்டிய குழுவில் ஆயரின் தவறைத் திருத்த ஆளில்லை. என் மூன்று வரிகள் ஆயர் எழுதியவையே அன்றோ!

நாங்கள் கைக்கொண்டவை எளியவை. நோயுற்றவர் அல்லது அவர் வீட்டார் சம்மதியாமல் பெயர் இடுவதில்லை. சம்மதித்தாலும் நோயின் பெயர் இடுவதில்லை. 'நம் சகோதரி ஒருவர் மருத்துவமனையில் இருக்கிறார்' என்பது போதும். யார் என்று இறைவனுக்குத் தெரியும். குழுவில் ஒருவர் பொய்ச்செய்தி இட்டால், முதலில் அவரைத் தனியே அழைத்துப் பேசுவது. மத்தேயு பதினெட்டாம் அதிகாரம் காட்டும் வரிசை இது. பின்னர் அவரே அதே குழுவில், அதே இடத்தில், தாம் இட்டது தவறென்று எழுதுவது. சத்தமின்றி அழித்துவிடுவது போதாது. அனுப்பியதை எல்லார் பார்வையிலிருந்தும் நீக்கும் வசதி இரண்டு நாட்களுக்குச் சற்று மேல் கிடைக்கிறது. அதற்குள் படித்தவர் மனத்திலிருந்து அதை நீக்கும் வசதி இல்லை.

இவ்விதியை என்மேல் நானே சுமத்த முயன்றபோதுதான் ஒரு முட்டுக்கட்டையைக் கண்டேன். பொய்யை மறுத்து எழுதலாம். நான் எழுதியதோ மெய். அதைத் திருத்த வேண்டுமாயின் மீண்டும் அதைப்பற்றியே எழுத வேண்டும்; மறந்தவருக்கும் நினைவூட்ட வேண்டும். என் குற்றத்தை அறிக்கையிட்டு என் மனத்தை இலகுவாக்கிக்கொள்ளும் உரிமைகூட எனக்கில்லை. அதன் விலையை அப்பெண்தான் கொடுப்பாள். ஆகவே குழுவில் ஒன்றும் எழுதவில்லை. அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். தாயிடமும் மகளிடமும் மன்னிப்புக் கேட்டேன். தாய் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். மகள் உள்ளேயே இருந்தாள். ஒருமுறை வந்து வணங்கிவிட்டுச் சென்றாள்.

மருந்து முடிந்து அவள் நலமாக இருக்கிறாள். நான் அச்சேகரத்தை விட்டு மாறி வந்த பின்னரும் அத்தாய் அவ்வப்போது அழைப்பதுண்டு. வீட்டில் ஏதேனும் ஒன்றென்றால் ஜெபிக்கும்படி கேட்பார். கேட்குமுன் சற்றுத் தயங்கி, "போன்ல போட்டுற மாட்டீங்களே ஐயா?" என்பார்.